பி-மீசானை வீட்டிலிருந்தே எண்ணிப் பார்ப்பது எப்படி?

கடலூர், புதுச்சேரி பக்கம் இயற்பியல் படிக்கிறவர்களிடம் பேசினால் திரும்பத் திரும்பக் காதில் விழுவது இதுதான்: துகள் இயற்பியல் என்றால் ஜெனீவாவுக்குப் போகணும், குறைந்தது சென்னைக்காவது போகணும், இங்கே உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய முடியும்? நிறையவே செய்ய முடியும். ஜெனீவாவை ஒட்டிய சேர்ன் ஆய்வகத்தில் புரோட்டான்களை மோதவிட்டுப் பார்க்கும் எல்எச்சிபி சோதனை 2011-இல் பிடித்த உண்மையான தரவில் ஒரு பகுதியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்திருக்கிறார்கள். நம் கரையைத் தானே புயல் புரட்டிப் போட்ட அதே வருஷத்துத் தரவு. அதை வைத்துக்கொண்டு, பி-மீசான் என்ற குறுகிய ஆயுள் துகளையும் எதிர் மின்னூட்டம் கொண்ட அதன் எதிர்த்துகளையும் எண்ணி, பருப்பொருளும் எதிர்ப்பொருளும் ஒரே மாதிரி சிதைவதில்லை என்பதை நீங்களே எண்ணிக் கண்டுபிடிக்கலாம். சொல்லிக் கேட்பதும் சொந்தமாக எண்ணிப் பார்ப்பதும் ஒன்றல்ல, அதனால்தான் இதை விளக்கக் கட்டுரையாக எழுதாமல் வேலை செய்கிற வரிசையில் எழுதுகிறேன்.

தேவைப்படுவது அதிகமில்லை. ஆற்றல், உந்தம், நிறை மூன்றையும் இணைக்கும் சார்பியல் சூத்திரம் தெரிய வேண்டும், பைத்தானில் ஒரு பட்டியலைப் படித்து ஹிஸ்டோகிராம் போடத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு முடித்தவர் தாராளமாகச் செய்யலாம்.

முதலில் கொஞ்சம் பின்னணி

நம் பாடப்புத்தகங்களில் இந்தக் கதை பெரும்பாலும் 1964-இல் நின்றுவிடும். அந்த வருஷம் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் கிரோனின், ஃபிட்ச் குழு, கேயான் என்ற மீசானின் நீண்ட ஆயுள் வகையில் ஆயிரத்துக்கு இரண்டு போல, சிதையவே கூடாத வழியில் இரண்டு பையான்களாக (இன்னும் லேசான மீசான்களாக) சிதைவதைப் பார்த்தது. சிபி சமச்சீர் மீறல் என்று அதற்குப் பெயர், அதாவது துகளும் எதிர்த்துகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாதது. 1967-இல் சகாரோவ் அதைப் பிரபஞ்சத்தோடு இணைத்தார்: தொடக்கத்தில் சரிசமமாக இருந்திருந்தாலும் இன்று பருப்பொருள் மட்டும் மிஞ்சியிருப்பதற்கு மூன்று நிபந்தனைகள் தேவை, அதில் ஒன்று இந்தச் சமச்சீர் மீறல். 1973-இல் கோபயாஷியும் மஸ்காவாவும், குவார்க்குகள் (புரோட்டான், மீசான் போன்றவற்றின் உட்கூறுகள்) மூன்று குடும்பமாக, அதாவது ஆறு வகையாக இருந்தால் இந்த மீறல் இயல்பாகவே கணக்கில் வந்துவிடும் என்று காட்டினார்கள். அப்போது தெரிந்திருந்த குவார்க்குகள் மூன்றே மூன்று! சார்ம் 1974-இலும் பாட்டம் 1977-இலும் டாப் 1995-இலும் கிடைத்தன. இரண்டு ஜப்பானியருக்கும் 2008-இல் நோபல்.

நமக்கு இங்கே வேண்டியது பாட்டம் குவார்க். டாப் ரொம்பக் கனமானது, மீசானாக, அதாவது குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த ஜோடியாக, மாறுவதற்குள்ளேயே சிதைந்துவிடும். சார்மில் வித்தியாசம் மிகச் சிறியது, 2019-இல்தான் எல்எச்சிபி அதை உறுதிசெய்தது, அதுவும் பத்தாயிரத்துக்குப் பதினைந்து என்ற அளவில். பாட்டம் குவார்க் உள்ள பி-மீசானில் மட்டும் வித்தியாசம் சில இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினால்கூடத் தெரிகிற அளவுக்குப் பெரியது. அதனால்தான் தொடங்குகிறவர்களுக்கு நான் பி-மீசானைச் சொல்கிறேன்.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இது புரியாமல் கணினியில் எண்ணினால் வெறும் எண்தான் மிஞ்சும்.

ஒரு பி-மீசான் ஒரே இறுதி நிலைக்கு இரண்டு வழியில் போய்ச் சேர முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வழிக்கும் ஒரு வீச்சு உண்டு, வீச்சுகளைக் கூட்டி வர்க்கம் எடுத்தால் சிதைவு வீதம். இரண்டு வழிகளுக்கும் இடையே இரண்டு வகையான கட்ட வித்தியாசம், அதாவது கோண வித்தியாசம், இருக்கும். ஒன்று குவார்க்கின் வகையை மாற்றிச் சிதைய வைக்கும் மென்விசையிலிருந்து வருவது, கோபயாஷி-மஸ்காவா அணியில் இருக்கும் கலப்பெண்ணின் கோணம். துகளை எதிர்த்துகளாக மாற்றினால் இதன் குறி மாறும். இன்னொன்று குவார்க்குகளைப் பிணைக்கும் வல்விசையிலிருந்து வருவது. வல்விசை துகள், எதிர்த்துகள் என்று பார்ப்பதில்லை, எனவே இதன் குறி மாறாது. இந்த ஒன்று மாறும், ஒன்று மாறாது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

காகிதத்தில் போட்டுப் பாருங்கள். முதல் வழியின் வீச்சு 1, இரண்டாவது 0.3, வல்விசைக் கோணம் 90 பாகை, மென்விசைக் கோணம் 60 பாகை. துகளுக்கு மொத்தக் கோணம் 150, எதிர்த்துகளுக்கு 30. வர்க்கம் எடுத்தால் 1 + 0.09 + 0.6 × கொசைன். ஒரு பக்கம் 0.57, மறுபக்கம் 1.61. கிட்டத்தட்ட மூன்று மடங்கு! இப்போது வல்விசைக் கோணத்தைப் பூஜ்யமாக்குங்கள்: இரண்டு பக்கமும் 1.39. மென்விசைக் கோணத்தைப் பூஜ்யமாக்கினால் இரண்டு பக்கமும் 1.09. ஆக, இரண்டு வழி வேண்டும், இரண்டு கோணமும் வேண்டும், எது ஒன்று இல்லாவிட்டாலும் வித்தியாசம் காணாமல் போய்விடும். இந்த நாலு வரிக் கணக்கைப் பேனா பிடித்து ஒரு தடவை போட்டவருக்கு, அப்புறம் வரும் ஆய்வுக் கட்டுரைகளில் பாதி பயம் போய்விடும்.

தரவை எடுப்பது

சேர்ன் ஓப்பன் டேட்டா தளத்துக்குப் போய் எல்எச்சிபி பகுதியில் பி-மீசான் மூன்று ஹாட்ரான்களாக (குவார்க்குகளால் ஆன துகள்களாக, இங்கே கேயான், பையான்) சிதையும் தரவு என்று தேடுங்கள். மூன்று கோப்புகள் இருக்கும். ஒன்று சிறிய போலித் தரவு, கணினியில் உருவாக்கிய 50,000 சிதைவுகள். மற்ற இரண்டும் உண்மையானவை: ஒன்று கருவியின் காந்தம் மேல்நோக்கி இருந்தபோது எடுத்தது, இன்னொன்று கீழ்நோக்கி இருந்தபோது. உண்மைத் தரவு இரண்டிலும் சேர்த்து சுமார் 85 லட்சம் நிகழ்வுகள், கோப்புகள் மொத்தமாக ஒரு ஜிபியை ஒட்டி வரும்.

ஒரு ஜிபி என்றதும் டேட்டா பேக் தீர்ந்துவிடுமே என்று தயங்க வேண்டாம். கூகுள் கோலாபில் ஒரு நோட்புக்கைத் திறந்து அங்கிருந்தே பதிவிறக்கச் சொன்னால் கோப்பு கூகுளின் கணினிக்குத்தான் போகும், உங்கள் கைக்கு வருவது வரைபடம் மட்டும்தான். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வந்தாலும் சமாளிக்கலாம், ஆனால் இணைப்பு ரொம்ப நேரம் விட்டுப்போனால் கோலாப் கோப்புகளைத் துடைத்துவிடும், எனவே உங்கள் கூகுள் டிரைவில் ஒரு பிரதி வைத்துவிடுங்கள். கோப்பு ரூட் என்ற துகள் இயற்பியல் கோப்பு வடிவத்தில் இருக்கும், அதைப் பைத்தானில் படிக்க அப்ரூட் என்ற நிரல் தொகுப்பு போதும். எல்லா நெடுவரிசைகளையும் ஒரே மூச்சில் நினைவகத்தில் ஏற்றாதீர்கள். ஒரு கோப்பு, அதில் தேவையான நெடுவரிசைகள், வடிகட்டல், அப்புறம் அடுத்த கோப்பு.

ஒவ்வொரு நிகழ்விலும் மூன்று துகள்கள். ஒவ்வொன்றுக்கும் உந்தத்தின் மூன்று கூறுகள், மின்னூட்டம், அது கேயானாக இருக்கும் சாத்தியம், பையானாக இருக்கும் சாத்தியம், மியூவானா (எலக்ட்ரானின் கனமான உறவு) இல்லையா என்ற குறி. இந்தச் சாத்தியங்கள் ரிச் என்ற செரன்கோவ் ஒளிவளையக் கருவியிலிருந்து வருபவை. கருவி இருக்கும் குகை பிரான்சின் ஃபெர்னே-வோல்தேர் ஊரை ஒட்டி, தரைக்குக் கீழே சுமார் 100 மீட்டரில் இருக்கிறது. பி-மீசானின் ஆயுள் 1.6 பிக்கோ நொடிதான், ஆனால் ஒளியை நெருங்கிய வேகத்தில் வருவதால் சிதைவதற்கு முன் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பறந்துவிடும். அந்த ஒரு சென்டிமீட்டரைக் கருவி பார்த்துவிடுகிறது என்பதால்தான் கோடிக்கணக்கான மோதல்களுக்கு நடுவில் இவற்றைப் பிரித்தெடுக்க முடிகிறது.

நிறையைக் கட்டுவது

போலித் தரவிலிருந்து தொடங்குங்கள், இதில் அவசரமே வேண்டாம். மூன்றுமே கேயான் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் நிறை 493.7 எம்இவி (துகள்களின் நிறையைச் சொல்லும் ஆற்றல் அலகு) என்று போட்டு ஆற்றலைக் கணக்கிடுங்கள். மூன்று ஆற்றலையும் கூட்டுங்கள், உந்தக் கூறுகளைத் தனித்தனியாகக் கூட்டுங்கள், ஆற்றலின் வர்க்கத்திலிருந்து உந்தத்தின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம். 5279 எம்இவி-யில் ஊசி மாதிரி ஒரு உச்சி வரும், அதுதான் பி-மீசானின் நிறை. வேறெங்காவது வந்தால் உங்கள் சூத்திரத்தில் எங்கோ குறி தவறியிருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

உண்மைத் தரவில் அதே நிரலை ஓட்டினால் உச்சி இருக்கிற இடமே மங்கலாகத் தெரியும், ஏனென்றால் வந்தவற்றில் பெரும்பகுதி கேயானே இல்லை. இப்போது வடிகட்ட வேண்டும். மூன்றுக்கும் கேயான் சாத்தியம் 0.5-க்கு மேல், பையான் சாத்தியம் 0.5-க்குக் கீழ், மியூவான் இருக்கக் கூடாது என்று ஆரம்பியுங்கள். உச்சி சட்டென்று எழுந்து நிற்கும். அதன் இடப்பக்கம் ஒரு தோள் போலத் தெரிவது, நான்காகச் சிதைந்து ஒன்று கைவிட்டுப்போன நிகழ்வுகள். வலப்பக்கம் தட்டையாக இருப்பது, தொடர்பில்லாத மூன்று தடங்கள் தற்செயலாகச் சேர்ந்தவை. வலப்பக்கத்தின் உயரத்தை வைத்து உச்சிக்கு அடியில் எவ்வளவு குப்பை இருக்கும் என்று மதிப்பிட்டுக் கழித்துவிடலாம்.

எல்லைகளை முடிவுசெய்யும்போது நிறை ஹிஸ்டோகிராமை மட்டும் பாருங்கள். பிளஸ் எத்தனை, மைனஸ் எத்தனை என்று அப்போது பார்க்கவே கூடாது. வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டே எல்லையை நகர்த்தினால், நாம் விரும்புகிற விடை தானாக வந்து நிற்கும். பெரிய குழுக்களும் இதே காரணத்துக்காகத்தான் விடையை மறைத்து வைத்துவிட்டு வேலை செய்கிறார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் மதிப்புக்குரியதாகப் படுவது இந்த ஒழுக்கம்தான்.

எண்ணுவது

மூன்று மின்னூட்டத்தையும் கூட்டினால் பி-மீசானின் மின்னூட்டம். உச்சியில் இருக்கும் பி-பிளஸ்களையும் பி-மைனஸ்களையும் தனித்தனியாக எண்ணுங்கள். மைனஸிலிருந்து பிளஸைக் கழித்து, மொத்தத்தால் வகுத்தால் அதுதான் சமச்சீரின்மை. வழக்கமாகவே மைனஸ் முதலில் வரும், வரிசையை மாற்றிவிட்டால் ஆய்வுக் கட்டுரையோடு ஒப்பிடும்போது குழம்பிவிடுவீர்கள்.

பிழை வரம்பு இல்லாத எண்ணுக்கு இங்கே மதிப்பே கிடையாது. 1-இலிருந்து சமச்சீரின்மையின் வர்க்கத்தைக் கழித்து, மொத்த எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். எல்எச்சிபி 2011 தரவில் இந்த மூன்று-கேயான் சிதைவில் 22 ஆயிரத்துச் சொச்சம் பி-மீசான்களைக் கண்டது. 22 ஆயிரத்துக்குப் பிழை 0.7 சதவீதத்தை ஒட்டி வரும், பின்புலத்தையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். 2013-இல் அவர்கள் வெளியிட்ட விடை மைனஸ் 4.3 சதவீதம். உங்கள் எண் அப்படியே ஒத்துப்போகாது, போகவும் தேவையில்லை, மைனஸ் பக்கம் சில சதவீதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பொய்யான வித்தியாசம்

இங்கேதான் நிறையப் பேர் கொண்டாடிவிட்டு நின்றுவிடுகிறார்கள். நீங்கள் எண்ணியது இயற்கையின் வித்தியாசம் மட்டும் இல்லை, கருவியின் வித்தியாசமும் அதில் கலந்திருக்கிறது.

காந்தப்புலத்தில் பிளஸ் ஒரு பக்கம் வளையும், மைனஸ் மறுபக்கம் வளையும். கருவியின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடத் துளி நன்றாக வேலை செய்தாலே போதும், ஒரு குறி அதிகமாகத் தெரியும். கடலூர் துறைமுகத்தில் மீன் நிறுக்கிற தராசின் மேல் சந்தேகம் வந்தால் மீனையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி வைத்து இன்னொரு தடவை நிறுப்பார்கள் அல்லவா, அதையேதான் எல்எச்சிபி காந்தத்தின் திசையை அவ்வப்போது மாற்றிச் செய்தது. அதனால்தான் இரண்டு கோப்பு. இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிடாமல் தனித்தனியாகச் சமச்சீரின்மை கண்டு, அப்புறம் சராசரி எடுங்கள். இரண்டு எண்களும் பிழை வரம்புக்குள் ஒத்துப்போகின்றனவா என்பதே நல்ல சோதனை.

காந்தத்தை மாற்றினாலும் போகாதவை இரண்டு உண்டு. கருவி பருப்பொருளால் ஆனது, மைனஸ் கேயான் அதன் புரோட்டான் நியூட்ரான்களோடு பிளஸ் கேயானைவிட அதிகமாக மோதித் தொலைந்துபோகும். நம் சிதைவில் ஒரு ஜோடி ஈடாகிவிடும், மிஞ்சும் ஒரு கேயானில் இந்த விளைவு நிற்கும். அடுத்தது, மோதுவதே புரோட்டானும் புரோட்டானும்தான், அதனால் பி-பிளஸும் பி-மைனஸும் பிறக்கும்போதே சம எண்ணிக்கையில் பிறப்பதில்லை. இவையெல்லாம் சேர்ந்து ஒரு சதவீத அளவில் வரலாம். எல்எச்சிபி இதற்கு, ஜே-சை என்ற மீசானும் ஒரு கேயானுமாகச் சிதையும், உண்மையான வித்தியாசம் ஏறக்குறைய இல்லாத பி-மீசானை அதே கருவியில் எண்ணி, அங்கே தெரிந்த போலி வித்தியாசத்தைக் கழித்தது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஒரு சதவீதத்தைப் பிழையில் சேர்த்துக்கொண்டால் நேர்மையான விடையாக இருக்கும்.

டாலிட்ஸ் வரைபடம், இதுதான் விருந்து

மொத்தமாகப் பார்த்தால் 4 சதவீதம். ஆனால் மொத்தம் என்பது பல இடங்களின் கூட்டு, சில இடங்களில் வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், சில இடங்களில் பயங்கரமாக இருக்கும். அதைப் பார்க்க, மூன்று கேயான்களில் எதிரெதிர் குறியுள்ள ஜோடிகளை எடுங்கள், ஒவ்வொரு நிகழ்விலும் இரண்டு ஜோடி கிடைக்கும். அவற்றின் நிறைகளைக் கண்டு வர்க்கம் எடுத்து, சிறியதை ஒரு அச்சிலும் பெரியதை மற்ற அச்சிலும் புள்ளிகளாக வையுங்கள், இதுதான் டாலிட்ஸ் வரைபடம். போலித் தரவில் புள்ளிகள் ஒரே சீராகப் பரவும். உண்மைத் தரவில் பட்டைபட்டையாக விழும்: 1020 எம்இவி-யில் ஃபை மீசானின் பட்டை, 1865 எம்இவி-யில் டி-சைபர் மீசானின் மெல்லிய கோடு. டி-சைபர் வழியாகப் போனவை நமக்கு வேண்டாம், அது வேறு கதை, அதன் நிறைக்கு இருபுறமும் 30 எம்இவி ஒதுக்கி வெட்டிவிடுங்கள்.

இப்போது பிளஸுக்கு ஒரு வரைபடம், மைனஸுக்கு ஒரு வரைபடம், இரண்டையும் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் சமச்சீரின்மையைக் கணக்கிடுங்கள். கட்டங்களை ரொம்பச் சிறிதாக்கினால் ஒவ்வொன்றிலும் நாலைந்து நிகழ்வுதான் விழும், வண்ணம் மட்டும் மின்னும், அதற்கு அர்த்தம் இருக்காது. ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது நூறாவது இருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இந்த இடத்தைப் பாருங்கள்: சிறிய நிறையின் வர்க்கம் 1.2-லிருந்து 2.0 வரை, பெரியதன் வர்க்கம் 15-க்குக் கீழ், இரண்டும் ஜிஇவி வர்க்கத்தில் (ஒரு ஜிஇவி ஆயிரம் எம்இவி). எல்எச்சிபி அங்கே கண்டது மைனஸ் 22.6 சதவீதம். அதாவது நூறு பி-மைனஸுக்கு 158 பி-பிளஸ். ஒரு சதவீதக் கருவிக் கோளாறு இதைத் தொடக்கூட முடியாது. கடற்கரைச் சாலை ஓரத்து வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒரு மடிக்கணினியில் பார்த்தாலும் இதே வித்தியாசம்தான்.

ஏன் அங்கே மட்டும்? மேலே சொன்ன வல்விசைக் கோணம் அங்கே பெரிதாக இருக்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அந்த நிறைப் பகுதியில் இரண்டு பையான்கள் இரண்டு கேயான்களாகவும், கேயான்கள் பையான்களாகவும் மாறிக்கொள்ள முடியும். இதை நீங்களே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. துகளுக்கும் எதிர்த்துகளுக்கும் மொத்த ஆயுள் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பது சிபிடி விதி. ஆகவே ஒரு வழியில் பிளஸ் கூடினால் வேறு ஏதோ வழியில் குறைந்தே ஆக வேண்டும். அதே கோப்பில் ஒரு கேயான், இரண்டு பையான் என்று வடிகட்டி எண்ணிப் பாருங்கள். எல்எச்சிபி அங்கே கண்டது பிளஸ் 3.2 சதவீதம், குறி தலைகீழ்.

இதற்கு மேல் போக விரும்பினால்

முதலில் மூன்று பையான் வழியையும் எண்ணுங்கள், தரவு ஏற்கெனவே கையில் இருக்கிறது. நிறை உச்சிக்கு ஒரு காஸ் வளைகோட்டையும் பின்புலத்துக்கு ஒரு அடுக்குக்குறி வளைகோட்டையும் பொருத்தப் பழகுங்கள், பக்கவாட்டைக் கழிப்பதைவிட அது சுத்தமான முறை. எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு இது மட்டுமே போதுமான பொருள், காலாப்பட்டிலோ சிதம்பரத்திலோ கடலூரிலோ படிக்கிறவர்கள் தங்கள் வழிகாட்டியிடம் வரைபடங்களோடு போய்க் கேட்கலாம், வெறுங்கையோடு போய் ஆர்வமிருக்கிறது என்று சொல்வதைவிட அது எவ்வளவோ மேல். ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள், ஜப்பானின் சுகுபாவில் நடக்கும் பெல்-2 சோதனையில் ஐஐடி மெட்ராஸ் பங்கேற்கிறது, சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டும் நாலு மணி நேரத் தூரம்தான்.

துறையும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மீசான்களில் மட்டுமே தெரிந்திருந்த இந்த வித்தியாசத்தை, நம் உடம்பில் இருக்கும் புரோட்டானின் இனமான, மூன்று குவார்க் கொண்ட பேரியான்களிலும் எல்எச்சிபி 2025-இல் உறுதிசெய்தது: பாட்டம் குவார்க் கொண்ட லாம்டா பேரியான், புரோட்டான், ஒரு கேயான், இரண்டு பையான்களாகச் சிதையும்போது சுமார் 2.5 சதவீதம். ஆனாலும் இதுவரை எண்ணியதையெல்லாம் சேர்த்தாலும் பிரபஞ்சத்துக்குப் போதவில்லை. இன்று ஒவ்வொரு நூறு கோடி ஃபோட்டானுக்கும் ஏறக்குறைய 0.6 பேரியான் இருக்கிறது. கோபயாஷி-மஸ்காவா கோணம் ஒன்றை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் அந்த அளவின் பக்கத்தில்கூட வர முடியாது. வேறு எங்கோ இன்னொரு மூலம் இருக்க வேண்டும், நியூட்ரினோக்களிலா, இன்னும் பார்க்காத கனமான துகள்களிலா என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தேடலில் சேர உங்களுக்கு முதலில் வேண்டியது பிளஸையும் மைனஸையும் பிழை வரம்போடு எண்ணத் தெரிவது. இந்த வாரக் கடைசியில் போலித் தரவுக் கோப்பை மட்டும் இறக்கி 5279-இல் உச்சி வருகிறதா என்று பாருங்கள். அது வந்துவிட்டால் உண்மைத் தரவு அடுத்த வாரம்.